உத்தராகண்டைப் பிள்ளைகளுக்கு எப்படி அறிமுகப்படுத்துவது? சின்னங்கள் மனப்பாடம், மாநிலம் மனதில் இல்லை

டூன்வாசி

எல்லோருக்கும் வணக்கம். கணவரின் மாற்றலில் டேராடூனுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. மகள் நான்காம் வகுப்பு, மகன் யூகேஜி. போன வாரம் மகளுக்குப் பள்ளியில் “நம் மாநிலம்” என்று ஒரு செயல்திட்டம் கொடுத்தார்கள். அட்டையில் படங்கள் ஒட்டி, எழுதி, ஒப்பித்தும் காட்டிவிட்டாள். மாநில விலங்கு கஸ்தூரி மான், பறவை மோனால், மரம் புராஞ்ச், பூ பிரம்ம கமலம், மாவட்டங்கள் 13, உருவான நாள் 2000 நவம்பர் 9. ஒரு தப்பும் இல்லை.

அன்று இரவு மொட்டைமாடியில் நின்று முசோரி விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். “பிரம்ம கமலம் எங்கேம்மா பூக்கும்?” என்று சும்மா கேட்டேன். “ஆச்சி வீட்டுத் தொட்டியில்” என்றாள். டேராடூன்தான் இமயமலையின் உச்சி என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். எதிரே தெரியும் மலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவளுக்கு எந்த எண்ணமும் இல்லை.

அவள் மேல் குறை இல்லை. எனக்கே தெரியாததால்தான் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. நாம் வாழும் ஊர் இது. இன்னும் இரண்டு மூன்று வருடமாவது இங்கேதான் இருப்போம். இந்த மாநிலம் பிள்ளைகள் மனதில் உண்மையாகப் பதிய வேண்டும் என்று ஆசை. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பூச்செடி ராணி

முதலில் அந்தத் தொட்டிச் செடி விஷயம். உங்கள் மகளைத் தப்பு சொல்லவே முடியாது. நம் ஊரில் பாதிப் பேர் வீட்டில் பிரம்ம கமலம் என்று வளர்ப்பது ஒரு கள்ளி வகை. மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது. இலை மாதிரித் தட்டையாக இருக்கும் தண்டின் ஓரத்தில் மொட்டு விட்டு, ஒரே இரவு பூத்து, விடிவதற்குள் வாடிவிடும். நிஷாகந்தி என்றும் சொல்வார்கள்.

உத்தராகண்டின் மாநிலப் பூ வேறு. பெயரில் கமலம் இருந்தாலும் அது தாமரையும் இல்லை, தண்ணீரில் வளர்வதும் இல்லை. சூரியகாந்தி, சாமந்தி குடும்பம். ஏறத்தாழ 3,700 மீட்டருக்கு மேல், மரமே வளராத உயரத்தில், பாறைகளுக்கு நடுவே ஆடி ஆவணியில் பூக்கிறது. வெள்ளையாகக் காகிதம் போல விரிந்திருப்பவை இதழ்களே அல்ல. உள்ளே ஊதா நிறத்தில் கொத்தாக இருப்பவைதான் பூக்கள். குளிரும் காற்றும் தாக்காமல் அவற்றைப் பொத்திவைக்கும் போர்வை அந்த வெள்ளை மடல்கள். கேதார்நாத்திலும் பத்ரிநாத்திலும் சாமிக்குச் சாத்துகிறார்கள்.

இணையத்தில் தேடினால் இரண்டு செடியின் படமும் கலந்துதான் வரும். பாறையும் வெள்ளை மடலும் இருக்கிற படத்தை எடுங்கள்.

வரைபட வாத்தியார்

டூன்வாசி அம்மா, முப்பது வருடம் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் மகளின் பதிலில் ஒரு நல்ல தடயம் இருக்கிறது. பூவின் பெயர் தெரிகிறது, அது இருக்கும் உயரம் தெரியவில்லை. உத்தராகண்டைப் பொறுத்தவரை உயரம்தான் புவியியல். தெற்கே தராய் சமவெளியில் நெல்லும் கரும்பும் விளைகிறது. அங்கிருந்து நேர்க்கோட்டில் 150, 200 கிலோமீட்டர் வடக்கே போனால் நிரந்தரப் பனி. தட்டையான வரைபடத்தை வைத்து இதைக் குழந்தைக்குப் புரியவைப்பது ரொம்பக் கடினம்.

உங்கள் குடியிருப்பில் மாடிப்படி இருக்குமே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு படி 500 மீட்டர். தரை கடல் மட்டம். நந்தா தேவி சிகரம் 7,816 மீட்டர், அது பதினாறாவது படியில் வரும். பெரும்பாலான வீடுகளில் ஒரு தளத்துக்குப் பதினாறு, பதினெட்டுப் படிகள் இருக்கும், அளவு பொருந்திவிடும்.

இப்போது ஊர்களை ஒட்டச் சொல்லுங்கள். ஹரித்வார் 314 மீட்டர், முதல் படி. டேராடூன் சுமார் 640, இரண்டாம் படி. உச்சி என்று அவள் நினைத்த ஊர் இரண்டாம் படியில்தான் இருக்கிறது என்று அவளே பார்க்கட்டும். அல்மோரா நான்காம் படி. முசோரி 2,005 மீட்டர், ஐந்தாம் படியின் தொடக்கம். பத்ரிநாத் ஏழு. கேதார்நாத் 3,583, எட்டு.

அப்புறம் சின்னங்கள். புராஞ்ச் மரம் அதிகமாக இருப்பது நான்கு, ஐந்தாம் படிகளில். கஸ்தூரி மான் ஆறிலிருந்து ஒன்பது. மோனால் கோடையில் அதே உயரங்களில் இருக்கும், பனிக்காலத்தில் கீழே இறங்கிவரும். அதனால் அதன் படத்தைப் பசை போட்டு ஒட்டாமல் நகர்த்துகிற மாதிரி வையுங்கள். பனி விழுந்த செய்தி வந்தால் மகளே ஒரு படி கீழே இறக்கட்டும். பிரம்ம கமலம் எட்டாம் படியிலிருந்து மேலே. பத்தாம் படியைத் தாண்டினால் பாறையும் பனியும்தான்.

ஒரு வாரம் ஏறி இறங்கினால் போதும். எந்தச் சின்னம் எங்கே என்று யாரும் ஒப்பிக்கச் சொல்ல வேண்டியதில்லை.

கோத்தகிரிக்காரன்

வாத்தியார் ஐயா, இதை நானும் எங்கள் வீட்டில் செய்யப்போகிறேன். எங்கள் தொட்டபெட்டா 2,637 மீட்டர். அந்த மாடிப்படியில் அது ஆறாம் படியிலேயே நின்றுவிடுகிறது. அதற்கு மேல் இன்னும் பத்துப் படி இருக்கிறது என்று நினைத்தாலே இமயம் எவ்வளவு பெரிது என்று புரிகிறது.

சகோதரிக்கு இன்னொரு செய்தி. புராஞ்ச் உங்கள் பிள்ளைகளுக்கு அந்நிய மரம் இல்லை. அதே இனத்தின் ஒரு துணையினம் நீலகிரிச் சோலைகளிலும் பழனி மலையிலும் இருக்கிறது. காட்டுப் பூவரசு என்பார்கள். முறுக்கிய அடிமரம், தோல் மாதிரித் தடித்த இலை, கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூ. உத்தராகண்டுக்கும் எங்களுக்கும் நடுவில் இரண்டாயிரம் கிலோமீட்டர் இருக்கிறது, இடையில் உள்ள சமவெளியில் இந்த மரத்தைப் பார்க்க முடியாது. குளிர்ந்த காலம் ஒன்றில் இது பரவியிருந்து, வெப்பம் கூடியபோது மலைகளில் மட்டும் தங்கிவிட்டது என்று விளக்குகிறார்கள். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஊட்டிப் பக்கம் கூட்டிவந்து காட்டுங்கள். “இது எங்க டேராடூன் மரம்” என்று உங்கள் மகள் சொன்னால் அதைவிடப் பெரிய பாடம் இல்லை.

இரட்டையர் தாய்

எல்லோரும் மனப்பாடத்தைக் கீழே தள்ளுவது போல் இருக்கிறது, அதனால் ஒரு வார்த்தை. என் இரட்டைப் பிள்ளைகள் ஆறு வயதில் மாநிலங்களையும் தலைநகரங்களையும் பாட்டாகப் பாடித்தான் கற்றார்கள். அன்று அர்த்தம் தெரியாமல் பாடிய பெயர்கள்தான் பிறகு செய்தியில் கேட்கும்போது அவர்களை நிமிர்ந்து பார்க்கவைத்தன. பெயர் முதலில் உள்ளே போவதில் தப்பில்லை. அங்கேயே நிறுத்திவிடுவதுதான் தப்பு.

யூகேஜி தம்பிக்கு மாடிப்படிக் கணக்கு இன்னும் எட்டாது. அவனுக்கு மோனாலைக் கொடுங்கள். ஆண் மோனாலின் இறகில் பச்சை, நீலம், செம்பு, ஊதா என்று நிறங்கள் மாறி மாறி மின்னும். ஒரு மயிலிறகைக் கையில் கொடுத்து வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மோனாலின் நிறமும் அதே வகைதான். சாயத்தால் வருவதில்லை, இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. சோப்புக் குமிழியிலும் இதே விளையாட்டைக் காட்டலாம். பெண் மோனால் பழுப்பு நிறம். கூடு தரையில் என்பதால் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். “அம்மா ஏன் பளபளன்னு இல்ல?” என்று கேட்பான், சொல்லிவிடலாம்.

கஸ்தூரி மான் வரையும்போது கவனம். எங்கள் பிள்ளைகள் இருவரும் கிளைக்கொம்பு வைத்து வரைந்தார்கள். அதற்குக் கொம்பே கிடையாது. ஆணுக்கு வாயிலிருந்து கீழ்நோக்கி இரண்டு கோரைப்பல் நீட்டிக்கொண்டிருக்கும். பின்னங்கால் முன்னங்காலைவிட நீளம், செங்குத்துப் பாறையில் தாவுவதற்கு வசதி. கஸ்தூரிப் பை ஆணிடம் மட்டும்தான். அந்த வாசனைக்காகவே வேட்டையாடி வேட்டையாடி அருகிப்போன விலங்கு அது. கஸ்தூரி மஞ்சள் தெரிந்த பிள்ளைகள் “அது இதிலிருந்தா?” என்று கேட்பார்கள். இல்லை, மஞ்சள் வெறும் கிழங்கு, மணத்தால் வந்த பெயர் என்று சொல்லிவிடுங்கள்.

டூன்வாசி

படிகளை எண்ணிவிட்டேன், சரியாகப் பதினெட்டு. குடியிருப்புச் சங்கத்தில் கேட்டிருக்கிறேன். களிமண்ணில் மலை மாதிரி ஒன்று செய்யலாம் என்று கணவர் சொல்கிறார். செய்யலாமா ஐயா?

வரைபட வாத்தியார்

தாராளமாக. ஆனால் கணக்கைப் பிள்ளையோடு சேர்ந்து போடுங்கள். மாநிலம் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 300 கிலோமீட்டர். 60 செ.மீ. பலகையில் செய்தால் 1 செ.மீ.க்கு 5 கி.மீ. அந்த அளவில் நந்தா தேவி ஒன்றரை செ.மீ.தான் வரும். மகளுக்கு ஏமாற்றமாக இருக்கும். அதனால் உயரத்தை மட்டும் ஐந்து மடங்கு கூட்டிக்கொள்ளுங்கள், ஆனால் கூட்டியிருக்கிறோம் என்று பலகையில் எழுதியும் வையுங்கள்.

மலையைவிடத் தண்ணீரைக் காட்டுவதற்குத்தான் அந்தப் பலகை உதவும். மேற்கே கோமுகத்திலிருந்து வரும் பாகீரதிக்கு ஒரு நீல நூல், கிழக்கே பத்ரிநாத் பக்கமிருந்து வரும் அலக்நந்தாவுக்கு இன்னொன்று. அலக்நந்தாவில் வரிசையாக ஆறுகள் வந்து சேரும் இடங்கள் விஷ்ணுபிரயாகை, நந்தபிரயாகை, கர்ணபிரயாகை, ருத்ரபிரயாகை. கடைசியில் தேவப்பிரயாகையில் பாகீரதியும் அலக்நந்தாவும் கூடுகின்றன. கங்கை என்ற பெயர் அங்கேதான் தொடங்குகிறது. மாநில முத்திரையில் மலைக்குக் கீழே நான்கு அலைக்கோடுகள் இருக்கின்றனவே, அவை கங்கைதான். நூலைக் கோத்துமுடித்த பிறகு முத்திரையைக் காட்டினால் அவளுக்கே விளங்கும்.

இன்னொரு சோதனை. ஒரு தட்டைச் சாய்வாக வைத்து, மேல்பாதியில் கூழாங்கல், கீழ்ப்பாதியில் களிமண் பரப்பி, மேலிருந்து மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். கல்லுக்குள் தண்ணீர் காணாமல் போகும், களிமண் தொடங்கும் இடத்தில் மறுபடி வெளியே வரும். மலையடிவாரத்தில் உண்மையாகவே இப்படித்தான் நடக்கிறது. கல் நிறைந்த பாபர் பட்டையில் ஓடைகள் நிலத்தடியில் மறைந்து, அதற்குத் தெற்கே தராயில் ஊற்றாகக் கிளம்பும். தராய் சதுப்பாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

அல்மோரா மருமகள்

நான் மதுரைக்காரி, திருமணமாகி வந்தது அல்மோரா. இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

படியும் பலகையும் நல்லது. ஆனால் இந்த மலைக்குப் பிள்ளைகள் எப்படி அறிமுகமாகிறார்கள் தெரியுமா? பண்டிகையில்தான். அதுவும் எல்லாம் நம் மாதப் பிறப்போடு ஒத்துப்போகிறது. முதல் வருடம் எனக்கே நம்பமுடியவில்லை.

தை முதல் நாள், அல்மோரா இருக்கும் இந்தக் குமாவோன் பகுதியில் குகுதியா பண்டிகை. மாவில் வெல்லம் சேர்த்துப் பிசைந்து, விதவிதமாக உருட்டிப் பொரித்து, மாலையாகக் கோத்துப் பிள்ளைகள் கழுத்தில் போடுவார்கள். காலையில் பிள்ளைகள் வெளியே ஓடி “காலே கௌவா” என்று காக்கையைக் கூவி அழைத்து அதில் ஒன்றைக் கொடுப்பார்கள். என் அம்மா வீட்டில் கணுவுக்குக் “காக்கா பிடி வச்சேன்” என்று சொன்ன நினைவு வந்து அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பங்குனி முதல் நாள் பூல்தேயி. தேயி என்றால் வாசற்படி. விடியற்காலையில் பிள்ளைகள் சின்னக் கூடையில் பூப்பறித்து வந்து ஒவ்வொரு வீட்டு வாசற்படியிலும் தூவி வாழ்த்துவார்கள். மஞ்சள் பியூன்லி, சிவப்புப் புராஞ்ச் எல்லாம் அந்தச் சமயத்தில்தான் பூத்திருக்கும். வீட்டுக்காரர்கள் அரிசி, வெல்லம், காசு கொடுப்பார்கள். டூன்வாசி, இன்னும் இரண்டு வாரத்தில் வருகிறது. உங்கள் குடியிருப்பில் மலைக்காரர்கள் கண்டிப்பாக இருப்பார்கள், கேட்டுப்பாருங்கள்.

ஆடி முதல் நாள் ஹரேலா. அதற்கு ஒன்பது பத்து நாள் முன்பு சின்னக் கூடையில் மண் போட்டு ஐந்து அல்லது ஏழு தானியம் விதைத்து, வெயில் படாமல் வைத்து முளைக்கவைப்பார்கள். அன்று அதை அறுத்து, பெரியவர்கள் பிள்ளைகளின் தலையில் வைத்து ஆசீர்வதிப்பார்கள். முளைப்பாரி எடுக்கிற ஊரில் பிறந்த எனக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நந்தா தேவியையும் வெறும் 7,816 மீட்டர் என்று விட்டுவிடாதீர்கள். இங்கே அவள் வீட்டுப் பெண். பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீடான கைலாசத்துக்குப் போகிறாள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை நந்தா தேவி ராஜ் ஜாத் என்ற நடைப்பயணத்தில் ஊரே அவளை வழியனுப்ப மலையேறும், முன்னால் நான்கு கொம்பு ஆட்டுக்கிடா ஒன்று நடக்கும். கடைசியாக 2014-இல் நடந்தது. பனிக்கு நடுவே அந்தச் சிகரம் தெரியும்போது என் மாமியார் இன்றும் “பெண்” என்றுதான் சொல்வார்.

ஒரு கதையும் உண்டு. கோடையில் கஃபல் என்று ஒரு சிவப்புப் பழம் வரும். ஏழைத் தாய் ஒருத்தி கூடை நிறையப் பறித்து வந்து, சாப்பிடாமல் பார்த்துக்கொள் என்று மகளிடம் சொல்லி வயலுக்குப் போனாள். திரும்பிவந்தால் கூடை குறைந்திருக்கிறது. கோபத்தில் அடித்ததில் பெண் இறந்துபோனாள். மாலையில் மழை பெய்ததும் வெயிலில் சுருங்கியிருந்த பழங்கள் ஊதி, கூடை மறுபடி நிறைந்துவிட்டது. மகள் தொடவே இல்லை என்று அப்போதுதான் தாய்க்குத் தெரிந்தது. துக்கத்தில் அவளும் செத்தாள். கோடைக் காட்டில் ஒரு குயில் “கஃபல் பாக்கோ, மைன் நி சாக்கோ” என்று கூவும். கஃபல் பழுத்தது, நான் ருசிக்கவில்லை என்று பொருள். அந்தப் பெண்தான் பறவையாகிக் கூவுகிறாள் என்பார்கள்.

இரட்டையர் தாய்

படித்து நெஞ்சு கனத்துவிட்டது அக்கா. நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு இதைச் சொல்லலாமா?

அல்மோரா மருமகள்

என் பெண்ணுக்கு அவள் பாட்டி ஐந்து வயதில் சொன்னார். அழுதாள். அதற்குப் பிறகு அந்தக் குயில் கூவினால் ஓடிப்போய் வாசலில் நிற்பாள், “இப்ப கஃபல் பழுத்திருக்கும்” என்பாள். மாதமும் பழமும் பறவையும் உயரமும் எல்லாம் அந்த ஒரு கூவலில் அவளுக்குப் பதிந்துவிட்டன. சின்னவனுக்கு வேண்டாம், பெரியவளுக்குச் சொல்லலாம் என்பது என் அபிப்பிராயம். உங்கள் பிள்ளையை உங்களுக்குத்தான் தெரியும்.

மலைப்பாதை

பதினைந்து வருடமாக அந்த மலைகளில் நடந்து வருகிறேன். பூவும் பறவையும் பண்டிகையும் சொல்லும்போது, அங்கே வாழ்வது எவ்வளவு கடினம் என்பதையும் கொஞ்சமாவது சொல்லுங்கள்.

சமோலி மாவட்டத்தில் ரைணி என்று ஒரு சிற்றூர். 1974 மார்ச்சில் மரம் வெட்ட வந்தவர்களைக் கௌரா தேவியும் அந்த ஊர்ப் பெண்களும் மரங்களைக் காத்து நின்று திருப்பி அனுப்பினார்கள். அந்தப் போராட்டத்தின் பெயர் சிப்கோ, அதற்கு ஒட்டிக்கொள், கட்டிக்கொள் என்று பொருள். பிள்ளைகளுக்கு உடனே பிடித்துவிடும். அதே ரைணியை ஒட்டி ஓடும் ரிஷிகங்காவில்தான் 2021 பிப்ரவரி 7 அன்று பெருவெள்ளம் வந்தது. மேலே பனியோடு பெரும்பாறை உடைந்து விழுந்ததால் வந்த வெள்ளம். 2013 ஜூனில் கேதார்நாத் வெள்ளம், 2023 தொடக்கத்தில் ஜோஷிமட்டில் வீடுகள் விரிசல் விட்டது, எல்லாம் இதே மலை. இமயம் இன்னும் உயர்ந்துகொண்டிருக்கும் இளம் மலை, பாறைகள் நொறுங்கிக் கிடக்கின்றன, செங்குத்தான சரிவில் மழை கொட்டினால் மண் நிற்காது. ஈர மணலைக் குவித்து, அடிவாரத்தைக் கொஞ்சம் வெட்டி எடுத்துவிட்டுத் தண்ணீர் தெளித்துக் காட்டினால் போதும், சாலைக்காக மலையை வெட்டினால் என்ன ஆகும் என்று எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும்.

இன்னொன்று, பூட்டிக்கிடக்கும் ஊர்கள். வேலைக்காகவும் படிப்புக்காகவும் ஆஸ்பத்திரிக்காகவும் மக்கள் கீழே இறங்கிவிட்டதால் ஆளே இல்லாத கிராமங்கள் பௌரி, அல்மோரா பக்கம் நிறைய. உங்கள் டேராடூனில் இருப்பவர்களில் பலர் அப்படி இறங்கி வந்தவர்கள்தான்.

வரைபட வாத்தியார்

மலைப்பாதை தம்பி சொன்னது மிக அவசியமானது.

கடைசியாக ஒன்று. அம்மா, நீங்கள் இருக்கும் ஊர் இந்திய நில அளவைத் துறையின் தலைமையகம். 1802-இல் சென்னையில் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் அளவைப் பணி, முக்கோணம் முக்கோணமாக நாட்டைக் கடந்து உங்கள் டூன் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தது. உங்கள் குடும்பம் வந்த அதே திசை.

அந்த அளவையில் வேலை பார்த்த நைன் சிங் ராவத் குமாவோனில் மிலம் ஊர்க்காரர், பள்ளிக்கூட வாத்தியார். மாறுவேடத்தில் திபெத்துக்கு நடந்தே போய் அளந்தார். ஜபமாலையில் 108 மணி இருக்கும், அவர் மாலையில் 100. நூறு காலடி நடந்தால் ஒரு மணி தள்ளுவார். 2,000 காலடி ஒரு மைல் ஆகும்படி நடையைப் பழக்கியிருந்தார். குறிப்புகளை ஜபச் சக்கரத்துக்குள் ஒளித்துவைத்தார். மகளுக்கு ஒரு பாசிமாலை கொடுத்துப் பள்ளிக்கூடம் வரை எத்தனை மணி என்று எண்ணச் சொல்லுங்கள். வரைபடம் எப்படிப் பிறக்கிறது என்று காலுக்குத் தெரிந்துவிடும்.

டூன்வாசி

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

படி தயாராகிவிட்டது. முதல் நாள் இரண்டாம் படியில் டேராடூனை ஒட்டிவிட்டு மகள் ரொம்ப நேரம் மேலே பார்த்துக்கொண்டே நின்றாள். “இவ்ளோ இருக்கா?” என்று மட்டும் கேட்டாள். மறுநாள் எங்கள் காவலாளி பையா அதைப் பார்த்துவிட்டு, தன் ஊர் பௌரிக்குப் பக்கம், எந்தப் படி என்று கேட்டார். நான்காம் படி என்று கண்டுபிடித்து அவர் ஊர்ப் பெயரை அவளே இந்தியில் எழுதி ஒட்டினாள். அந்த ஊரில் இப்போது இரண்டு வீட்டில்தான் ஆள் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னார். அதற்குப் பிறகு பால்காரர், மூன்றாம் மாடிப் பாட்டி, இஸ்திரி போடும் அக்கா என்று ஒவ்வொருவராக வந்து தங்கள் ஊரை ஒட்டச் சொன்னார்கள். இஸ்திரி அக்காவின் ஊர் முன்சியாரிப் பக்கம், ஐந்தாம் படி. மோனாலை நேரில் பார்த்தவர் இந்தக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான். கொக்கியால் கொத்துவது போல மண்ணைக் கிளறிக் கிழங்கு தின்னும் என்று கையால் நடித்துக் காட்டினார். மகன் அன்று முழுவதும் மோனாலாகவே இருந்தான்.

பங்குனி முதல் நாள் மூன்றாம் மாடிப் பாட்டிதான் பிள்ளைகளைக் கூட்டிப்போனார். பூல்தேயி பாட்டை அவரே சொல்லிக்கொடுத்தார். என் இருவரும் இன்னும் நான்கு பிள்ளைகளும் எல்லா வாசலிலும் பூ வைத்துவிட்டு வந்தார்கள். எங்கள் வாசலில் மட்டும் கோலத்தின் நடுவில் வைத்திருந்தார்கள்.

அல்மோரா அக்கா, கஃபல் கதையைப் பெரியவளுக்குச் சொன்னேன். அழவில்லை, அந்த அம்மா ஏன் முதலில் கேட்காமல் அடித்தாள் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பழம் சந்தைக்கு வர இன்னும் ஒரு மாதமாவது ஆகுமாம். நான்காம் படியில் பையாவின் ஊருக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டு, இது கஃபலுக்கு என்று காலியாக விட்டிருக்கிறாள்.